துப்பாக்கி யார் பேரில்?

மீமிசல்காரர் ஒருவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். உரிமம் தருகிற அதிகாரம் மாவட்ட நடுவர் என்ற முறையில் கலெக்டரிடம் இருக்கிறது. அந்தக் கலெக்டர் ஆபீஸ் இயங்குவது தொண்டைமான் மன்னர்களின் அரண்மனையில். ராஜா இருந்த கட்டடம், இன்றைக்கு நம் மாவட்டத்தில் யார் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்கிற கட்டடம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீமிசல் அந்த ராஜாவின் ஊரே கிடையாது. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே இருந்ததில்லை. நம் கரை தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் நாம் இந்தப் பக்கம் வந்தோம்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரே ஒரு சொல்: 'கன் டிரஸ்ட்'. அமெரிக்காவில் துப்பாக்கியைச் சொந்தமாக்கிக்கொள்ள டிரஸ்ட் ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது முதலில் விளங்கவில்லை. எங்கள் பக்கம் டிரஸ்ட் என்றால் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், அன்னதானம். பள்ளிவாசல் சொத்து என்றால் வக்ஃபு. துப்பாக்கிக்கு எதற்கு அறக்கட்டளை? நம் ஊரில் அப்படி ஒன்று செய்ய முடியுமா? முடியாது என்றால் ஏன் முடியாது? அந்த 'ஏன்' என்னை இருநூறு வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

200 டாலர் வரி

மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டங்களின் அட்டகாசத்துக்குப் பிறகு, 1934இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. எந்திரத் துப்பாக்கி, குழல் வெட்டிக் குட்டையாக்கிய துப்பாக்கி, சத்தம் அடக்கும் சைலன்ஸர் ஆகியவற்றை அது தடைசெய்யவில்லை. பதிவு செய், கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி கட்டு என்றது. அன்றைக்கு 200 டாலர் என்பது கொள்ளைக்காரர்கள் கையில் பிரபலமாயிருந்த தாம்சன் துப்பாக்கியின் விலைக்குக் கிட்டத்தட்டச் சமம். வரியின் நோக்கம் வருமானம் இல்லை, ஆளை விரட்டுவதுதான்.

ஆனால் தொகையை யாரும் உயர்த்தவே இல்லை. விலைவாசி ஏற ஏற அந்த 200 டாலர் தானாகவே சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் தடையாக நின்றது வரி இல்லை, ஒரு கையெழுத்து. தனிமனிதர் விண்ணப்பித்தால் உள்ளூர் போலீஸ் தலைமை அதிகாரியின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். சில ஊர்களில் அந்த அதிகாரி யாருக்குமே கையெழுத்துப் போட மாட்டார். இன்னொரு சங்கடமும் இருந்தது. கணவர் பெயரில் பதிவான சைலன்ஸர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, அவர் வெளியூரில், பெட்டிச் சாவி மனைவியிடம் என்றால், சட்டப்படி அந்த மனைவியே பதிவில்லாத பொருளை வைத்திருந்த குற்றத்துக்கு ஆளாகலாம்.

இந்த இரண்டுக்கும் மருந்தாக வந்ததுதான் டிரஸ்ட். பொருள் டிரஸ்டின் பெயரில் இருக்கும். கணவர், மனைவி, வயது வந்த பிள்ளைகள் எல்லோரும் டிரஸ்டிகள். யார் கையில் இருந்தாலும் குற்றமில்லை. ஒருவர் இறந்துபோனாலும் டிரஸ்ட் தொடரும். டிரஸ்ட் விண்ணப்பித்தால் போலீஸ் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். ஏனென்றால் டிரஸ்டுக்குக் கை இல்லை!

இந்த ஓட்டையை 2016 ஜூலை 13 முதல் அடைத்தார்கள். டிரஸ்டில் பொறுப்பிலிருக்கும் ஒவ்வொருவரும் புகைப்படமும் கைரேகையும் தர வேண்டும் என்று விதி வந்தது. அதோடு போலீஸ் அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும் என்றும் மாற்றினார்கள். 2026 ஜனவரி 1 முதல் சைலன்ஸருக்கும் குட்டைத் துப்பாக்கிக்கும் அந்த 200 டாலர் வரியும் பூஜ்ஜியமாகிவிட்டது. எந்திரத் துப்பாக்கிக்கு வரி அப்படியே நிற்கிறது.

இதில் நான் கவனித்தது ஒன்று. குடும்பமே சேர்ந்து துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்று அமெரிக்கச் சட்டம் ஒத்துக்கொண்டது. ஆனால் கடைசியில் ஒவ்வொருவர் விரலையும் மையில் தொட வைத்துத்தான் விட்டது. 'எல்லோருக்கும் சொந்தம்' சரி, ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நின்றது.

நம் சட்டத்தில் ஏன் முடியாது

இனி நம் பக்கம் வருவோம். 1882ஆம் வருஷத்து இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி, டிரஸ்ட் என்பது தனியாக ஓர் 'ஆள்' இல்லை. சொத்து டிரஸ்டியின் பேரில்தான் இருக்கும். அதை மற்றவர் நன்மைக்காக நிர்வகிக்கும் கடமை அவர் தலையில் இருக்கும். நிலம் நீச்சு என்றால் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அசையும் பொருள் என்றால் அதை டிரஸ்டியிடம் உரிமையாக ஒப்படைத்தாலே போதும்.

துப்பாக்கி அசையும் பொருள். அப்படியானால் டிரஸ்டியிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதே குற்றம். டிரஸ்டி தன் பேரில் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தால் அது அவர் துப்பாக்கி, அவர் கணக்கு. பிறகு டிரஸ்ட் எதற்கு?

'சாமி பேரில் நிலம் இல்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூலவருக்கு உருவமே இல்லாத நம் ஆவுடையார்கோயிலிலும் சாமிக்குச் சொத்து உண்டு. கோயில் மூர்த்தி சட்டப்படி ஓர் ஆள் என்பதை லண்டன் பிரிவி கவுன்சிலே 1925இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சாமி பேரில் பட்டா தரலாம், துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் கலெக்டர் கேட்பது வேறு: சுடப்போகிறவர் யார், பூட்டிவைக்கிறவர் யார், தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது? வங்கிகளும் கம்பெனிகளும் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கின்றனவே என்றால், அங்கேயும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு, அதை ஏந்துகிற காவலரின் பெயர் லைசென்ஸில் ஏற வேண்டும்.

ஆக, நம் நாட்டில் துப்பாக்கி சொத்து என்பதைவிட அனுமதி. ஆளோடு ஒட்டிய அனுமதி. இது எப்போது, யாரால் இப்படி ஆனது?

ஆயுதம் வீட்டுக்குச் சொந்தமாக இருந்த காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் வட்டாரத்தில் ஆயுதம் ஒரு தனியாளின் உடைமையாக மட்டும் இல்லை. அது ஒரு வீட்டோடும் நிலத்தோடும் ஊழியத்தோடும் சேர்ந்தது. பாளையக்காரருக்கு ஆள்படை, அந்த ஆள்களுக்கு நிலம். புதுக்கோட்டையில் இதற்கு அமரம் என்று பெயர். அமரக்காரர் வரியில்லா நிலத்தை அனுபவிப்பார், அழைத்தால் ஆயுதத்தோடு வந்து நிற்பார். அப்பன் போனால் மகன் நிற்பான். துப்பாக்கிக்கு லைசென்ஸ் எங்கே என்று கேட்டால், அவர் நிலத்தைத்தான் காட்டியிருப்பார்.

மீமிசல் கரை அன்றைக்கு மூன்று ஆட்சிகளின் முனையில் கிடந்தது. வடக்கே தஞ்சை மராத்தியர், தெற்கே கொஞ்ச தூரம் போனால் சேதுபதியின் ராமநாதபுரம் சீமை, மேற்கே உள்நாட்டில் தொண்டைமான். இரண்டே வருஷத்தில் இந்த வரைபடம் தலைகீழானது. 1799இல் தொண்டைமான் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. அதே மாதம் 25ஆம் தேதி சரபோஜி மன்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, தஞ்சைச் சீமை கம்பெனி வசம் போனது. அப்படித்தான் நம் கரையும் வெள்ளைக்காரன் கணக்கில் ஏறியது. 1801 ஜூனில் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்களுக்கும் தூக்கு.

அதற்குப் பிறகு வந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1801 டிசம்பர் 1 தேதியிட்டு, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். (பிளாசி கிளைவின் மகன் இவர்.) தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிகளும் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, அரசு அனுமதித்தது தவிர, என்பது அதன் சாரம். கோட்டைகளை இடிக்கவும் உத்தரவு. ஆனால் பாளையக்காரரின் பவிசுக்காக, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் ஈட்டி பிடித்து முன்னால் போகலாம் என்று ஒரு சின்னச் சலுகை.

இதை மறுபடி படித்துப் பாருங்கள். 'அரசு அனுமதித்தது தவிர' என்ற அந்த ஒரு பிடியில்தான் லைசென்ஸ் என்ற எண்ணமே நம் மண்ணில் முளைத்தது. அதுவரை ஆயுதம் வைத்திருப்பது இயல்பு, பறிப்பதுதான் செய்தி. அன்றிலிருந்து வைத்திருப்பதுதான் விதிவிலக்கு. ஈட்டிச் சலுகையையும் கவனியுங்கள்: பெருமை வீட்டுக்கு, பொறுப்பு வீட்டுத் தலைவருக்கு, ஏந்துகிறவர்களுக்கு எண்ணிக்கை.

தொண்டைமானுக்கு இந்த நெருக்கடி இல்லை. கம்பெனிக்கு உதவியவர். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் அவருக்குப் பரிசாகக் கிடைத்தன. அவருடைய அமரக்காரர்கள் ரொம்ப காலம் நிலத்தோடு இருந்தார்கள். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888இல் நடந்த இனாம் செட்டில்மெண்ட்தான் அந்த ஊழிய முறையை முடித்துவைத்தது. ஒரே வட்டாரத்தில் ஒரு சீமைக்குத் தடை, பக்கத்துச் சீமைக்கு மரியாதை. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் அளவுகோல்.

யாருக்கு விலக்கு?

1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்த முறை நாடு முழுக்கப் பரவியது. 1857லும் 1860லும் ஆயுதச் சட்டங்கள், கடைசியில் லிட்டன் பிரபுவின் 1878 ஆயுதச் சட்டம். பிரிட்டிஷ் இந்தியா முழுக்க லைசென்ஸ் கட்டாயம். ஆனால் ஐரோப்பியருக்கு விலக்கு, பெரிய ஜமீன்தார்களுக்கும் பட்டம் பெற்ற பிரமுகர்களுக்கும் விலக்கு. மீமிசல் பிரிட்டிஷ் பூமி என்பதால் இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தியது. மேற்கே சமஸ்தான எல்லைக்குள் போனால் அது வேறு ராஜ்யம்.

இந்த விலக்குதான் ஜனங்களை உறுத்தியது. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. நினைவிருக்கட்டும், அது காங்கிரஸின் மூன்றாவது மாநாடுதான். சுதந்திரம் என்ற பேச்சே மேடைக்கு வராத காலம். அப்போதே துப்பாக்கிப் பிரச்சினை வந்துவிட்டது. எல்லோருக்கும் துப்பாக்கி ஆசை என்று அர்த்தமில்லை. ஓர் ஆளின் தோல் நிறத்தைப் பார்த்து 'உன்னை நம்பலாம், உன்னை நம்ப முடியாது' என்று சட்டமே சொல்வதுதான் அவமானம். முதல் உலகப்போர் முடிந்த பிறகே அந்த நிற வேறுபாட்டை விதிகளிலிருந்து எடுத்தார்கள்.

விலக்குப் பட்டியலில் ஒரு சமூகம் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. குடகு. 1861 பிப்ரவரியில், மைசூர், குடகுப் பகுதிகளின் கமிஷனராயிருந்த மார்க் கப்பன், குடகர்களின் விசுவாசத்தைப் புகழ்ந்து, ஆயுதப் பறிப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தார். கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை வைத்திருப்போருக்கும் அந்த விலக்கு தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது.

அமெரிக்க டிரஸ்டுக்கு நம் நாட்டில் உறவு தேடினால் எனக்குக் கிடைப்பது இதுதான். ஜம்மா நிலம் தனியாளுக்குச் சொந்தமில்லை, 'ஒக்கா' எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். துப்பாக்கி அந்த வீட்டின் சடங்கில் கலந்தது. கைல்போள்து பண்டிகையில் ஆயுதங்களை வைத்து வணங்குவார்கள், நாம் சரஸ்வதி பூஜைக்கு அரிவாளும் மண்வெட்டியும் வைக்கிற மாதிரி. புதுக்கோட்டை அமரமும் குடகு ஜம்மாவும் ஒரே ஜாதி ஏற்பாடு: நிலம், ஊழியம், ஆயுதம் மூன்றும் ஒரே முடிச்சு. ஒரு முடிச்சு அவிழ்ந்தது, இன்னொன்று நின்றது.

ராஜாவும் குடிமகனும்

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அப்போதும் முன்னாள் மன்னர்களுக்கு ஆயுத விலக்கு ஒரு சலுகையாகத் தொடர்ந்தது. 1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் சலுகைகளையும் ஒழித்தது. சமஸ்தானத்து ஆயுதங்களில் சிலவற்றைத் திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இன்று கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

சாதாரண ஆள்களுக்குச் சட்டம் மேலும் இறுகியது. முதலில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்ற உச்சவரம்பு, 2019 திருத்தத்தில் அது இரண்டாயிற்று. அதே திருத்தம் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: பரம்பரையாக வந்த துப்பாக்கியானாலும் இந்த இரண்டு கணக்குக்குள்தான் அடங்க வேண்டும். தாத்தா வைத்திருந்தார், அப்பா வைத்திருந்தார் என்பதெல்லாம் கணக்கில் சேராது. 1801இல் தொடங்கிய வேலை அங்கே முடிந்தது என்றே சொல்வேன். வீட்டின் துப்பாக்கி என்று ஒன்று இனி இல்லை.

இதனால் நமக்கு என்ன?

பழைய கதைதானே என்று விட முடியாது. பயிர்க் காவலுக்கு வாங்கிய நாட்டுத் துப்பாக்கி, பண்ணைவீட்டில் மாட்டியிருந்த இரட்டைக் குழல் என்று பழைய லைசென்ஸ் துப்பாக்கி உள்ள குடும்பங்கள் கிராமங்களில் உண்டு. லைசென்ஸ்காரர் இறந்த அன்றே அந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது. நகை, நிலம், வீடு எல்லாம் வாரிசுக்கு வரும், பாகப்பிரிவினையைச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். துப்பாக்கிக்கு அந்த அவகாசம் இல்லை. தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பரணில் கிடக்கட்டும் என்று விட்டால், துக்க வீட்டிலேயே ஒரு குற்றம் சத்தமில்லாமல் ஆரம்பமாகிவிடும். ஒப்படைத்துவிட்டு உரிய காலத்தில் வாரிசு லைசென்ஸ் வாங்காமல் போனாலும் கடைசியில் அது அரசுக்குப் பறிமுதலாகலாம்.

ஆனால் சட்டம் ஒரு வழியும் வைத்திருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இதில் எது முந்துகிறதோ அப்போதே, தான் சொல்லும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்டு மாற்ற முயலலாம். வாரிசு என்றால் மகன் மட்டும் இல்லை. மனைவி, மகள், மருமகளும் அதில் வருவார்கள். கலெக்டர் விசாரித்துத்தான் தருவார், தரவேண்டிய கட்டாயமில்லை. சுடவே முடியாதபடி செயலிழந்த புராதனப் பொருளுக்கு மட்டும் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. அது அப்படிப்பட்டதா என்று முடிவுசெய்கிறவர் நாம் இல்லை.

அமெரிக்க டிரஸ்டையும் நம் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நம் முறைதான் தேவலை என்று பட்டது. அங்கே காகிதத்தில் ஒரு டிரஸ்டை உண்டாக்கிப் பல பேரை உள்ளே விட்டார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கைரேகை வாங்கப் போனார்கள். இங்கே ஆரம்பத்திலேயே 'நீ யார், பேர் சொல்' என்று கேட்டுவிடுகிறார்கள். இந்தக் கேள்வியை 1801இல் கேட்டவன் நம்மை அடக்குவதற்காகக் கேட்டான். 1878இல் கேட்டவன் ஆளுக்கொரு நீதியாகக் கேட்டான். அந்தப் பிறப்பு அசிங்கமானதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடகு தவிர, ராஜா வீடு, ஜமீன் வீடு, குடிசை எல்லோரிடமும் இன்றைக்கு ஒரே கேள்வி. சுடுகிற பொருளை வைத்திருக்கிறவரிடம் அதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ அப்படி ஒரு பழைய துப்பாக்கி இருந்தால், பெரியவர் நல்லபடியாக இருக்கும்போதே லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 25 வருஷம் தாண்டியிருக்கிறதா, அவருக்கு 70 ஆயிற்றா, யார் பேருக்கு மாற்ற விரும்புகிறார் என்று கேளுங்கள். யாருக்கும் வேண்டாம் என்றால் அதையும் அவர் வாயால் இப்போதே சொல்லட்டும். ஒப்படைக்கிற வேலை அவர் கையெழுத்தோடே முடிந்துவிடும்.